பச்சை லேபிள்

"ஏண்டி, ஆபரேஷனே இல்லையாமே!"

ஒரு ஹலோ இல்லை, எங்கே இருக்கிறாய் என்ற விசாரிப்பு இல்லை. போனை எடுத்த கையோடு அக்காவின் குரல் இப்படித்தான் வந்து விழுந்தது. சின்னவள் சிரித்துவிட்டாள். அக்காவுக்கு அவள் சின்னவள். அதனால் ஊருக்கே சின்னவள். முப்பது வயது தாண்டியும் அந்தப் பெயர் வளரவில்லை.

"விளையாடாதக்கா. ரெண்டு மணிக்கு ஆபரேஷன். இந்த நேரத்துல வந்து இல்லேன்னா?"

"நான் எதுக்குடி விளையாடறேன்? நர்ஸ் வந்து அவர் கையில பேர் எழுதிக் கட்டியிருந்த பட்டைய கத்தரிச்சு எடுத்துட்டுப் போயிட்டா. ஏம்மான்னு கேட்டா, இன்னிக்கு ஆபரேஷன் வரிசையில இவர் பேரே இல்ல, அடுத்தது மூணு மாசம் கழிச்சுங்கறா. மூணு மாசம்! டாக்டர் என்ன சொன்னாருன்னு உனக்கே தெரியும்ல?"

சின்னவளின் சிரிப்பு அப்படியே உறைந்தது. தெரியும். அக்காவின் கணவர்தான் மாமா; அவர் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியவருக்கு, இப்போது செருப்பு மாட்டக் குனிந்தாலே மூச்சு வாங்குகிறது. இன்னொரு முறை தள்ளிப்போட நான் சம்மதிக்கமாட்டேன் என்று இதய டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த வால்வு வேலையில் கைதேர்ந்த அறுவை நிபுணர் இந்த ஆஸ்பத்திரிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார், இரண்டு நாள் இருப்பார், போய்விடுவார். இன்று இரண்டாம் நாள்.

"நீ யார்கிட்டயாவது ஏதாவது சொன்னியா? வேற தேதி வேணும், அப்படி இப்படின்னு?"

"யார்கிட்டயும் வாயே திறக்கல."

"நல்லா யோசிச்சு சொல்லு. ஒண்ணுமே பண்ணலையா?"

அக்கா சற்று இழுத்தாள். "உங்க துணைகிட்டதான் ஒண்ணு கேட்டேன்."

"என்ன கேட்ட?"

"உங்க மாமா காலையிலேருந்து பசி பசின்னு என் உயிர எடுத்துட்டாரு. நேத்து ராத்திரியிலேருந்து ஒண்ணும் சாப்பிடலயே மனுஷன். அதான், ரெண்டு மணிக்கு முன்னாடி ஏதாவது நேரம் இருக்கான்னு கேட்டேன். இல்லேன்னு சொல்லுச்சு. விட்டுட்டேன். சும்மா கேட்டதுதானடி! நீதானே காலையில சொன்ன, இன்னிலேருந்து நேரம் தேதியெல்லாம் அதுகிட்டயே கேக்கலாம், கேக்கறதுல ஒண்ணும் குறைஞ்சுடாதுன்னு?"

சொன்னாள். அவளேதான் சொன்னாள். பெருமை தாங்காமல், வார்டுக்குக் காலையில் எட்டிப் பார்த்தபோது, கட்டிலோரம் நின்று சொன்னாள்.

துணை என்பது சின்னவள் வேலை பார்க்கும் அந்த ஆஸ்பத்திரியின் சாட்பாட். நோயாளியோ கூட இருப்பவரோ போனில் எழுதிக் கேட்டால் பதில் சொல்லும். பேச்சு அதற்கு நன்றாகவே வரும். ஆனால் பேசத் தெரிந்துவிட்டால் காரியம் நடந்துவிடுமா? ரத்தப் பரிசோதனை முடிவு ஆய்வகத்தின் கணினியில் இருக்கிறது. மருந்து இருப்பு மருந்தகத்தில். அறுவை நேரம் தேதிப் பிரிவில். மதியச் சாப்பாடு சமையலறையில். ஒவ்வொன்றும் தனித்தனி இணையச் சேவை. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொருவர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆய்வகத்தில் 'எண்' என்றால் நோயாளியின் எண். மருந்தகத்தில் அதே 'எண்' என்பது எத்தனை மாத்திரை என்ற கணக்கு. தேதிப் பிரிவிலோ நோயாளியின் எண்ணுக்கு 'அட்டை' என்று பெயர். மனிதர் பார்த்தால் இடத்தை வைத்துப் புரிந்துகொள்வார். துணை ஏமாந்துபோகும், நோயாளியின் எண்ணைக் கொண்டுபோய் மருந்தகத்தில் கொடுத்து, ஆறு லட்சம் மாத்திரை கேட்டு நிற்கும்.

"புது மருமக மாதிரின்னு வெச்சுக்கோ," என்று சின்னவள் ஒருநாள் அக்காவுக்கு விளக்கினாள். "கெட்டிக்காரி. நல்லா சமைப்பா. ஆனா இந்த வீட்டு அடுக்களையில எந்த டப்பாவுல என்ன இருக்குன்னு அவளுக்குத் தெரியாது. நான் ஒவ்வொரு டப்பா மேலயும் லேபிள் ஒட்டறேன். இது உப்பு, இது சர்க்கரை, இந்த டப்பாவும் அந்த அலமாரியில இருக்கிற டப்பாவும் ஒண்ணேதான், இதைத் திறக்கறதுக்கு முன்னாடி அடுப்ப அணைச்சிருக்கணும்..."

"டப்பாவுக்கு லேபிள் ஒட்டவா உன்னை இவ்வளவு படிக்க வெச்சோம்?" என்றாள் அக்கா.

மாமா சாய்வு நாற்காலியிலிருந்து குரல் கொடுத்தார். "விடுடி. அந்தப் புது மருமகளாவது நம்ம வீட்டுல உப்பு எங்கன்னு எனக்குக் காட்டட்டும்." அன்றிலிருந்து அவர் வாயில் சின்னவளுக்கு 'லேபிள்' என்று பெயராகிவிட்டது.

லேபிள் ஒட்டுவதை அவள் எவ்வளவு நேசித்தாள் என்று அவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒரு சேவைக்கு என்ன கொடுக்க வேண்டும், அது என்ன தரும், அதைக் கூப்பிடுமுன் என்ன நடந்திருக்க வேண்டும், கூப்பிட்டபின் உலகத்தில் என்ன மாறியிருக்கும் என்று இவ்வளவையும் எந்திரத்துக்குப் புரிகிற பொதுச் சொற்களில் எழுதி ஒட்டிவிட்டால், துணை தானாகவே ஒன்றை இன்னொன்றோடு கோத்துக்கொள்ளும். போன மாதம் ஒருவர், "புது மாத்திரை போடறேன், சாயந்திரம் பால் குடிக்கலாமா?" என்று கேட்டார். துணை மருந்தகத்துக்குப் போய் மாத்திரை எதுவென்று பார்த்து, அதற்கு ஆகாத உணவு எதுவென்று பார்த்து, சமையலறையில் அன்று மாலை என்ன தருகிறார்கள் என்றும் பார்த்து, ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள் என்றது. மருந்தகத்துக்கும் சமையலறைக்கும் நடுவே யாரும் பாதை போட்டுக் கொடுக்கவில்லை. இரண்டு லேபிள்களில் ஒரே சொல் இருந்தது. அது போதும், துணை நடந்து போய்விட்டது. அன்று முழுக்கச் சின்னவள் பறந்துகொண்டிருந்தாள்.

எல்லா லேபிளுக்கும் மேலே ஒரு நிறம் உண்டு. சேவை எதையாவது பார்த்துச் சொல்வதோடு நின்றால் பச்சை. எதையாவது மாற்றினால், பதிந்தால், நீக்கினால், அனுப்பினால் சிவப்பு. பச்சையைத் துணை தன் இஷ்டத்துக்குக் கூப்பிடலாம், ஒருவரையும் கேட்க வேண்டாம். சிவப்பைக் கூப்பிடுமுன் சம்பந்தப்பட்டவரிடம் 'செய்யட்டுமா?' என்று கேட்டு, 'செய்' என்று பதில் வாங்கியாக வேண்டும்.

தேதிப் பிரிவின் 'முன்தேதி தேடு' என்ற சேவைக்கு அவள் ஒட்டியது பச்சை. அது புழக்கத்துக்கு வந்தது இன்று காலை.

போனைக் காதில் வைத்தபடியே அவள் துணையின் தடத்தைத் திறந்தாள். துணை எந்தச் சேவையை எப்போது, யாருக்காக, எந்த லேபிளை நம்பிக் கூப்பிட்டது என்பதெல்லாம் அதில் பதிவாகும். மாமாவின் பெயரில் தேடினாள். இருந்தது. 'முன்தேதி தேடு. பச்சை.' கீழே சேவையிடமிருந்து வந்த பதில்: 'முந்தைய நேரம் இல்லை. அடுத்த காலி நேரம்: மூன்று மாதம் கழித்து.' இதைத்தான் துணை அக்காவிடம் சொல்லியிருக்கிறது. அந்தப் பதிலோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு வரியும் வந்திருந்தது. அதற்கு லேபிள் எதுவும் இல்லாததால், துணை அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

'பழைய பதிவு விடுவிக்கப்பட்டது.'

"அக்கா, நான் கூப்பிடறேன்," என்று எப்படியோ சொல்லி வைத்தாள். தேதிப் பிரிவை அழைத்தாள்.

தேதிப் பிரிவு என்றால் ஒரே ஒரு அம்மாள்தான். ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளிலிருந்து அறுவை நேரங்களைக் கட்டி மேய்ப்பவர். டாக்டர்கள்கூடத் தேதியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். லேபிள் ஒட்டுமுன் சின்னவள் இவர் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு பொத்தானாகக் கேட்டு எழுதியிருந்தாள்.

"அம்மா, 'முன்தேதி தேடு' பொத்தான அழுத்தினா எதுவும் மாறாதுன்னுதானே சொன்னீங்க?"

"ஆமாம்மா. தேடும், காட்டும். அவ்வளவுதான்."

"பழைய தேதி என்ன ஆகும்?"

"பழைய தேதியத்தான் அதுக்கு முன்னாடியே விட்டாச்சே."

"யாரும்மா விட்டது?"

"போன் பண்றவங்கதான். நான் கேப்பேன்ல? ஒரு பேருக்கு ஒரு தேதிதான் நிக்கும், தேடினா கையில இருக்கிறது போயிடும், பரவாயில்லயான்னு. சரின்னு அவங்க வாயால சொன்னாத்தான் நான் பொத்தான் பக்கமே..." தேதியம்மாவின் குரல் பாதியில் நின்றது. மறுமுனையில் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. "அய்யய்யோ. துணை அதக் கேட்டுச்சா?"

"கேக்கலம்மா. பச்சை."

எத்தனையோ வருடமாக அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு, அது தன் வேலையில் ஒரு படி என்பதே தேதியம்மாவுக்கு மறந்துவிட்டது. கதவைத் திறப்பதைச் சொல்பவர், கையை நீட்டுவதைத் தனியாகச் சொல்வாரா? அந்தச் சேவையை எழுதியவரும் பொத்தானைத் தொடுகிற கைக்குப் பின்னால் தேதியம்மாவின் வாய் எப்போதும் இருக்கும் என்று நம்பித்தான் எழுதியிருக்கிறார். சின்னவள் மட்டும் சும்மாவா ஒட்டினாள்? பத்து தடவை சோதித்துப் பார்த்துத்தான் ஒட்டினாள். ஆனால் சோதனைக்கு வைத்திருந்தது ஒரு பொம்மை நோயாளி. பெயர், வயது, ரத்த வகை எல்லாம் கொடுத்திருந்தார்கள். அறுவைத் தேதி மட்டும் கொடுக்கவில்லை. இழக்க ஒன்றுமில்லாதவனிடம் எத்தனை முறை தேடினாலும் எதுவும் குறையாது. ஒவ்வொரு முறையும் காலி நேரங்கள் அழகாக வந்து நின்றன, வேறொன்றும் அசையவில்லை.

"அம்மா, எங்க மாமாவோட நேரம் இப்ப யார்கிட்ட இருக்கு?"

"இரு பாக்கறேன்... காத்திருப்பு வரிசையில முதல்ல இருந்தவங்களுக்குத் தானா போயிடுச்சு. ஒரு தையல்கார அம்மா. மூணாம் மாடி. காத்திருப்பு ஆளுன்னு அவங்களும் காலையிலேருந்து பட்டினிதான். தயார்படுத்த ஆரம்பிச்சிருப்பாங்க." பிறகு மெதுவாக, "அம்மாடி, உங்க மாமா மட்டும் இல்ல. காலையிலேருந்து நிறையப் பேரு கேட்டிருக்காங்க."

சின்னவள் தடத்தை மேலே தள்ளினாள். பச்சை, பச்சை, பச்சை. கண், முழங்கால், பித்தப்பை. யார் யாரோ, எங்கெங்கோ உட்கார்ந்து, கவலையில் சும்மா ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார்கள். கேட்ட அத்தனை பேருக்கும் கையிலிருந்தது போயிருக்கிறது. கேட்காமல் இருந்தவர்கள் பத்திரமாக இருந்தார்கள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு வரி வந்து விழுந்தது.

அதற்குக் கீழே மாமாவின் பெயர் மறுபடி தெரிந்தது. வேறு சேவை. சமையலறை.

'அறுவை இல்லை. பட்டினி உத்தரவு நீங்கியது. மதிய உணவு அனுப்பப்பட்டது.'

இதுவும் அவள் கைவேலைதான். முன்பெல்லாம் அறுவை தள்ளிப்போனால் அதைச் சமையலறைக்குச் சொல்ல ஆளிருக்காது. நோயாளி சாயந்திரம்வரை சும்மா பட்டினி கிடப்பார். அறுவை இருந்தால்தான் பட்டினி என்று அவள் ஒரு லேபிளால் இரண்டையும் கட்டிவைத்தாள்; பட்டினி நீங்கினால் தட்டைச் சமையலறையே வழக்கம்போல் அனுப்பிவிடும். அதற்காக அவளை நிற்கவைத்துக் கைதட்டினார்கள். இப்போது அந்த லேபிளை நம்பி, மாமாவை நோக்கி ஒரு தட்டு லிஃப்டில் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு வாய் சாப்பிட்டாலும் போச்சு. வயிற்றில் சோறு இருக்கிறவருக்கு மயக்க மருந்து கொடுக்கமாட்டார்கள். அதன்பின் போன நேரம் திரும்பி வந்தாலும் இன்று கத்தி வைக்க முடியாது. நாளைக்கு நிபுணர் இல்லை.

அக்காவை அழைத்தாள். எடுக்கவில்லை, எந்தக் கவுண்டரில் யாரோடு மல்லுக்கட்டுகிறாளோ. மாமாவை அழைத்தாள். வார்டில் ஒலியை அணைத்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். மனிதர் சொன்னால் சொன்னபடி கேட்பவர். வார்டு போனும் சமையலறை போனும் எடுக்க ஆளில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தன. கடைசியில் துணையையே திறந்து, கூட இருக்கும் உறவினர் என்ற முறையில் எழுதினாள்: 'மாமாவுக்குப் போகும் சாப்பாட்டை உடனே நிறுத்து.'

துணை மரியாதையாகப் பதில் சொன்னது. 'உணவை நிறுத்துவது ஒரு மாற்றம். நோயாளியின் சம்மதம் தேவை. அவரிடம் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து காத்திருங்கள்.'

சிவப்பு. சரியாகத்தான் ஒட்டியிருக்கிறாள். ஒரு தட்டுச் சாப்பாட்டை நிறுத்தத் துணை கையைக் கட்டிக்கொண்டு அனுமதி கேட்கிறது. ஒரு மனிதரின் இதயத்தை மூன்று மாதம் தள்ளிவைக்க அது யாரையும் கேட்கவில்லை. சின்னவள் திரையையே வெறித்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

'நோயாளி மறுத்துவிட்டார். உணவு வழங்கப்படும்.'

"அட பாவி மாமா!" என்று வாய்விட்டே கத்திவிட்டாள்.

எதிர் மேசையில் இருந்த கேப்டன் தலையைத் தூக்கினார். அவர்தான் துணையைப் பராமரிக்கும் கணினிப் பிரிவின் தலைவர். எதற்கெடுத்தாலும் கப்பல் மூழ்கினாலும் தேநீர் நேரம் தவறக்கூடாது என்பதால் கேப்டன் என்று பெயர் வாங்கியவர். "என்னம்மா, மாமா லாட்டரி ஏதாவது அடிச்சுட்டாரா?"

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். பச்சை வரிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினாள். கேப்டன் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். அவர் முகத்திலிருந்த கேலி வடிந்துபோய், வெளுத்த முகம் ஒன்று மிச்சமானது.

"இப்பவும் ஓடிட்டிருக்கா இது?"

"ஓடிட்டிருக்கு சார்."

பின்கட்டிடத்தின் ஐந்தாம் மாடி இது. மாமா இருப்பது முன்கட்டிடத்தின் இரண்டாம் மாடி. நடுவில் ஒரு நீளமான நடைபாதை. இப்போதே ஓடினால் தட்டு கட்டிலுக்குப் போகுமுன் பிடித்துவிடலாம். ஆனால் லேபிளின் நிறத்தை மாற்ற இரண்டு பேர் வேண்டும்: ஒட்டியவர் மாற்ற வேண்டும், சரிபார்ப்பவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒட்டியது அவள். அவள் போய்விட்டால், வந்து சேரும்வரை அது பச்சையாகவேதான் நிற்கும். யாரோ ஒரு மகள், யாரோ ஒரு புருஷன், போனை எடுத்து, கேட்பதில் என்ன குறைந்துவிடப்போகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

கால் வாசலைப் பார்த்து நின்றது. கை விசைப்பலகைக்குப் போனது. நிறம்: சிவப்பு. கூப்பிடுமுன்: பழைய தேதியை விட நோயாளியின் சம்மதம். கூப்பிட்டபின்: பழைய தேதி போய்விடும். மாற்றுவதற்குக் காரணம் எழுது என்று கட்டம் கேட்டது. 'நான் தப்பாக ஒட்டினேன்' என்று எழுதினாள். பொருத்தம் பார்க்கிறேன், காத்திரு என்று ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. அவளே கேட்டு வாங்கிய வசதி அது. தவறான லேபிள் அவசரத்தில் ஏறிவிடக்கூடாது என்பதற்காக. சுற்று, சுற்று என்று அதைச் சபித்துக்கொண்டு நின்றாள். கேப்டன் தன் மேசையில் ஒப்புதலை அழுத்திய அழுத்தில் பேனாக் கூடு கீழே உருண்டது.

சிவப்பு.

"போ, ஓடு! மிச்சத்த நான் பாக்கறேன்."

"சார், தடத்துல பச்சைன்னு இருக்கிறத மட்டும் எடுங்க. 'முன்தேதி தேடு'வைத் துணை பச்சைன்னு நம்பிக் கூப்பிட்ட அத்தனையும்! தேதியம்மா கையால பண்ணினதுல அந்த லேபிள் இருக்காது. அதத் தொடாதீங்க. பச்சையில எதுவும் மாறியிருக்கவே கூடாது. அதனால மாறினது எல்லாத்தையும் கடைசியிலேருந்து திருப்பினா..."

"புரிஞ்சுது, போம்மா!"

ஓடும்போதே அவளுக்கு அது உறைத்தது. தப்பாக ஒட்டிய அந்த லேபிள்தான் இப்போது பாதிக்கப்பட்ட ஒவ்வொருவரையும் விரல் நீட்டிக் காட்டப்போகிறது. வேறொரு நாளாக இருந்தால் நின்று ரசித்திருப்பாள். லிஃப்ட் வரவில்லை. படியில் இறங்கினாள். நடைபாதையில் சக்கர நாற்காலி, மருந்து வண்டி, பூங்கொத்தோடு ஒரு குடும்பம் என்று எல்லாவற்றிலும் இடித்து, எல்லோரிடமும் திட்டு வாங்கி, வார்டுக் கதவைத் தோளால் தள்ளினாள்.

ஜன்னலோரம் மாமாவின் கட்டில். பக்கத்தில் சக்கரம் வைத்த சிறிய மேசை. மேசையில் தட்டு.

காலி.

கிண்ணத்தின் அடியில் சூப்பின் வளையம் ஒன்று மட்டும் இருந்தது. ரொட்டியின் துணுக்குகள் தட்டைச் சுற்றிச் சிதறியிருந்தன. கரண்டி கவிழ்ந்து கிடந்தது. மாமா தலையணையில் சாய்ந்து, கண்ணை மூடி, வயிற்றின்மேல் கை கோத்திருந்தார்.

சின்னவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா... சாப்பிட்டுட்டீங்களா?"

மாமா ஒரு கண்ணைத் திறந்தார். "வாம்மா லேபிள். என்ன இப்படி மூச்சு வாங்குது? உனக்கும் வால்வு போச்சா?"

"சாப்பிட்டீங்களான்னு கேக்கறேன்!"

குளியலறைக் கதவு திறந்தது. அக்கா கைக்குட்டையால் வாயைத் துடைத்தபடி வெளியே வந்தாள். "வார்டுல கத்தாதடி. நான்தான் சாப்பிட்டேன்."

சின்னவள் அக்காவைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள்.

"உங்கக்கா நேத்து மத்தியானத்துலேருந்து ஒரு வாய் சாப்பிடல," என்றார் மாமா. "நான் பட்டினின்னா அவளும் பட்டினியாம். சொன்னா கேக்கற ஜென்மமா? இப்ப கீழ போய் சண்ட போட்டுட்டு வந்து நின்னா பாரு, கால் வெடவெடன்னு ஆடுது. சாப்பாடு வருதுன்னாங்க. சரியா அந்த நேரம் பாத்து உன் துணை கேக்குது, சாப்பாட்ட நிறுத்தட்டுமான்னு. நிறுத்துவேனா? போடா போன்னு அமுக்கினேன்."

"அப்ப நீங்க?"

"நானா? கத்தி வைக்கிறேன்னு சொன்ன டாக்டரு வந்து, வைக்கலப்பான்னு சொல்லட்டும். அப்புறம் சாப்பிடறேன். தட்டு வந்து சொன்னா ஆச்சா?"

"காலையிலேருந்து பசி பசின்னு உயிர எடுத்தீங்கன்னு அக்கா சொன்னாளே!"

"பசிக்குதுன்னு சொன்னேன். சோறு போடுன்னா சொன்னேன்?"

சின்னவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. "தண்ணி குடிச்சீங்களா?" என்று மாமாவிடம் கேட்டாள்.

"வாய் கொப்புளிச்சேன். துப்பிட்டேன். போதுமா போலீஸ்?"

அவள் கையில் போன் அதிர்ந்தது. கேப்டன். "எல்லாம் திரும்பிடுச்சும்மா. தேதியம்மாவும் நானும் ஒவ்வொண்ணா சரிபாத்துட்டோம். முழங்கால், கண்ணு, எல்லாம் அவங்கவங்க இடத்துல. உங்க மாமாவுக்கு ரெண்டு மணி நிக்குது. நர்ஸ் புதுப் பட்டையோட வர்றா."

"சார்..."

"நன்றியெல்லாம் அப்புறம். கேளு. கணினியில திருப்பியாச்சு. ஆனா அந்தத் தையல்கார அம்மாவ ஆபரேஷன் வாசலுக்கே கொண்டு போயிட்டாங்களாம். தேதியம்மா சொல்லப் போறாங்க. நீயும் போறியா?"

சின்னவள் எழுந்தாள்.

அறுவை அரங்கின் வாசலில் ஒரு தள்ளுகட்டில் நின்றது. அதில் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. தலையில் பச்சைத் தொப்பி. விரல் நுனிகளில் ஊசி குத்திக் குத்திக் காய்த்த புள்ளிகள். கூட ஆளில்லை. தேதியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்து பேசிக்கொண்டிருந்தார். தேதியம்மாவின் கண்ணாடி நனைந்திருந்தது. தேதியம்மா இத்தனை வருடத்தில் தேதியைத் தள்ளிவைத்ததெல்லாம் போனில்தான். நேரில் இதுதான் முதல் தடவை.

"உங்களுக்கு டாக்டர் காத்திருக்கலாம்னுதான் சொல்லியிருக்காரும்மா. அதனாலதான் நீங்க காத்திருப்பு வரிசையில இருந்தீங்க. அடுத்த தடவை வரும்போது உங்க பேர்தான் முதல்ல. நான் எழுதிட்டேன்."

தையல்கார அம்மாள் தேதியம்மாவைத் தாண்டிச் சின்னவளைப் பார்த்தார். கோபம் இல்லை. நடு ரோட்டில் யாரோ தள்ளிவிட்டுப் போனது போன்ற ஒரு திகைப்பு மட்டும்.

"நான் எதுவும் கேக்கவே இல்லையேம்மா," என்றார். "சும்மா படுத்திருந்தேன். அவங்களா வந்தாங்க, உனக்கு இன்னிக்குன்னாங்க. தொப்பி போட்டாங்க. பையனுக்குக்கூடப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். அவன் பாதி வழி வந்துட்டிருப்பான். இப்ப இல்லேங்கறீங்க."

"தப்பு என்னோடதும்மா. நான் ஒரு லேபிள்..." என்று தொடங்கிய சின்னவளுக்கு மேலே போக முடியவில்லை. புது மருமகள், டப்பா, பச்சை, சிவப்பு என்று யாருக்கும் எதையும் விளக்கிவிடும் வாய் அது. தொப்பி போட்ட அந்தத் தலைக்கு முன்னால் அந்தச் சொற்களில் ஒன்றும் உதவவில்லை. "நான் சரியா கேக்காம விட்டுட்டேன்," என்றாள்.

அந்த அம்மாள் அதைக் கேட்டாரோ இல்லையோ. தொப்பியை மெதுவாகக் கழற்றி, ஓரத்துத் தையலை விரலால் ஒருமுறை நீவிப் பார்த்து, மடித்து, கட்டிலின்மேல் வைத்தார்.

"அப்போ இப்ப நான் சாப்பிடலாமா?"

சின்னவளின் கையில் போன் இருந்தது. துணையிடம் கேட்டால் கண் சிமிட்டும் நேரத்தில் சொல்லிவிடும். 'சாப்பிடலாம்' என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். போனைப் பைக்குள் போட்டாள்.

"ஒரு நிமிஷம் இருங்கம்மா. டாக்டர்கிட்ட நானே போய் கேட்டுட்டு வந்து சொல்றேன்," என்று சொல்லிவிட்டு, டாக்டர் இருந்த அறையை நோக்கி நடந்தாள்.